மலைக்குள் இருக்கும் ஐஸ் இளகினால் மேலே கட்டியது நிற்குமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா குடும்பம் பிரான்சில் இருக்கிறது. இந்தக் கோடையில் அப்பா அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய், ஆல்ப்ஸ் மலையடிவார ஊரான ஷமோனியில் கேபிள் காரில் ஏற்றிக் காட்டப் போகிறார்களாம். சுவிட்சர்லாந்தில் ஒரு கிராமமே மண்ணுக்குள் போன வீடியோவைப் பார்த்ததிலிருந்து இவருக்குப் பயம். தம்பி எல்லைப்புறச் சாலைகள் போடும் கிரெஃப் (GREF) படையில் சேர்ந்து லடாக்கில் இருக்கிறான். அங்கே போட்ட ஷெட்டின் தரை நடுவில் உள்வாங்குகிறது என்றும், "கீழே நிலம் இளகுது அண்ணா" என்றும் சொல்கிறானாம். பாறை எப்படி இளகும், அப்பா அம்மாவை அனுப்பலாமா, நம் இமயமலையில் இவ்வளவு அணையும் ரோடும் கட்டுகிறார்களே அதெல்லாம் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி.

அனுப்பலாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நான் அஸ்திவார வேலைக்காரன். கடலூர், புதுச்சேரி பக்கம் மண் பரிசோதித்துக் கொடுப்பதுதான் தொழில், நடுவில் கொஞ்ச காலம் லடாக்கில் சாலை வேலை பார்த்தேன். அதனால் தம்பியின் ஷெட்டிலிருந்து தொடங்குவதுதான் எனக்கு வசதி.

உறைநிலம், அதாவது பெர்மாஃப்ராஸ்ட் என்பது தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரிக்கு மேல் ஏறாத நிலம். அது மண்ணாக இருக்கலாம், சரளையாக இருக்கலாம், கெட்டிப் பாறையாகவும் இருக்கலாம். கோடையில் மேல்தட்டு மட்டும் இளகும், குளிர்காலத்தில் மறுபடி உறையும். அதற்குக் கீழே உள்ளது உறைந்தபடியே கிடக்கும். ஆல்ப்ஸில் நிழல் பக்கச் சரிவுகளில் சுமார் 2,500 மீட்டரிலிருந்தே இது இருக்கும். வெயில் அடிக்கும் தெற்கு முகத்தில் 3,500 மீட்டர் வரை ஏற வேண்டும். லடாக்கில் 5,000 மீட்டரை ஒட்டிப் பார்க்கலாம், நிழல் பக்கம் இன்னும் கீழேயே இருக்கும். பனியாறு சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. துளை போட்டு உள்ளே சென்சார் இறக்கினால்தான் தெரியும், அதுவும் வருஷக்கணக்கில் விட்டுவைத்தால்தான்.

தரை உள்வாங்குவதைப் புரிந்துகொள்ள லடாக் வரை போக வேண்டியதில்லை. கடலூர் துறைமுகம் பக்கம் மீனும் இறாலும் வைக்கிற குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் தரையைத் தோண்டிப் பார்த்தாலே போதும். உள்ளே −18, −20 டிகிரி. அந்தக் குளிர் கீழே இறங்காமலிருக்கத் தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் தெர்மோகோல் மாதிரியான காப்புப் பலகை அடுக்குவோம். அதற்கும் அடியில் குறுக்காகக் குழாய்கள் விட்டு, வெளியிலுள்ள வெக்கைக் காற்று போய்வர வழி செய்வோம். ஒரு கிடங்கில் பின்பக்கம் புதிதாகத் தளம் போட்டவர்கள் அந்தக் குழாய் வாய்களை மூடிவிட்டார்கள். சில வருஷத்தில் அடிமண் உறைந்துபோனது. உறையும் மண் சும்மா இருக்காது, கீழேயிருந்து ஈரத்தை இழுத்துத் தட்டுத் தட்டாக ஐஸ் கட்டும். தண்ணீர் ஐஸாகும்போது 9 சதவீதம் பருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். தரையைத் தூக்குவது அதைவிட, அப்படி இழுத்துச் சேர்த்த தண்ணீர்தான். தரை நடுவில் முதுகு புடைத்து, கதவு கீழே இடித்துத் திறக்காமல் நின்றது. சரி, மெஷினை நிறுத்தி இளகவிடுவோம் என்று நிறுத்தினார்கள். புடைத்தது இறங்கியது, ஆனால் பழைய மட்டத்தில் நிற்கவில்லை. ஐஸ் தட்டுகள் இருந்த இடமெல்லாம் கூழாகி, கம்பியை விட்டுக் குத்தினால் ஒரு முழம் தடையில்லாமல் உள்ளே போயிற்று.

லடாக்கில் உங்கள் தம்பி பார்ப்பது இந்தக் கதையின் இரண்டாம் பாதியாகத்தான் இருக்க வேண்டும். அங்கே ஐஸ் தட்டுகளைக் கட்டிவைத்தது இயற்கை, பல நூற்றாண்டு வேலை. அதன் மேல் தரையோடு தரையாகக் கான்கிரீட் போட்டு, உள்ளே புகாரி என்கிற, அறையைச் சூடாக்கும் அடுப்பை எரியவிட்டால் கட்டடம் தன் அஸ்திவாரத்தைத் தானே இளக்கிக்கொள்ளும். கான்கிரீட் இறுகும்போது வெளிவரும் சூடே கொஞ்சம் வேலையைத் தொடங்கிவிடும். உலகம் சூடாவது இதன் மேல் சேரும் கூடுதல் பாரம். உறைநிலத்தில் கட்டடம் விரிசல் விட்டால் எல்லாவற்றுக்கும் காலநிலையைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கிற பழக்கம் சில ஒப்பந்ததாரர்களிடம் உண்டு. நடுவில் மட்டும் இறங்கி ஓரங்கள் அப்படியே இருந்தால், முதல் சந்தேகம் உள்ளேயிருக்கும் அடுப்பின் மேல்தான் போக வேண்டும்.

இனி பாறை. பாறை இளகாது. பாறையில் இருக்கும் விரிசல்களுக்குள் ஐஸ் அடைந்திருக்கிறது, அது இளகும். செங்குத்தான முகப்புகளில் துண்டு துண்டாகப் பிளந்த பாறையை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பதில் அந்த ஐஸுக்கும் பங்கு உண்டு. பலரும் நினைப்பது, ஐஸ் 0 டிகிரியைத் தாண்டி உருகி ஓடிய பிறகுதான் ஆபத்து என்று. ஆய்வகத்தில் ஐஸ் நிரப்பிய விரிசல்களைச் சோதித்தவர்கள் கண்டது வேறு. −5 டிகிரி ஐஸ் நல்ல பலத்தோடு பிடிக்கும். −1.5 டிகிரியைத் தாண்டி 0-ஐ நெருங்க நெருங்கப் பிடிமானம் சடசடவென்று குறைந்துவிடும். சில சரிவுகளில் ஐஸே இல்லாத வெறும் விரிசலைவிட, இப்படிச் சூடேறிய ஐஸ் உள்ள விரிசல் மோசம். பாறையும் பாறையும் உரசி நிற்க முடியாமல் நடுவில் ஐஸ் இருக்கிறது, அந்த ஐஸுக்கும் பலம் இல்லை. அதாவது, வெப்பமானி இன்னும் உறைநிலை காட்டிக்கொண்டிருக்கும்போதே மலை விழலாம்.

அப்புறம் தண்ணீர். 10 மீட்டர் உயரத்துக்கு விரிசலில் தண்ணீர் நின்றால், அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் அழுத்தம். வழக்கமாக அந்தத் தண்ணீர் கீழே எங்காவது கசிந்து வெளியேறும். வெளியேறும் வாய் ஐஸால் அடைபட்டிருந்தால் நிரம்பிக்கொண்டே போய்ப் பாறைத் தகட்டைப் பின்னாலிருந்து தள்ளும். தண்ணீர் இன்னொன்றும் செய்யும். பாறை வழியாகச் சூடு இறங்குவது மகா மந்தம். மேலே அடிக்கும் கோடை 10 மீட்டர் ஆழத்தில் தெரியச் சுமார் அரை வருஷம் ஆகும். தண்ணீரோ விரிசலில் இறங்கி அந்தச் சூட்டைச் சில நாட்களிலேயே உள்ளே கொண்டுபோய்விடும். 2003-இல் ஐரோப்பாவைக் கடும் வெயில் வாட்டியது. அந்த ஜூலையில் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஹோர்ன்லி முகட்டுப் பாதையில் பாறை பெயர்ந்து விழ, மேலே மாட்டிக்கொண்ட சுமார் 90 பேரை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். பெயர்ந்த இடத்தில் ஐஸ் வெளியே தெரிந்தது.

ஷமோனிக்கு வருவோம். உங்கள் அக்கா கூட்டிப்போவது எய்குய் து மிதி என்ற சிகரமாகத்தான் இருக்கும். கேபிள் கார் 1955-இலிருந்து ஓடுகிறது, சிகரத்தின் உயரம் 3,842 மீட்டர். நிலையத்தின் கீழேயிருக்கும் பாறை உறைநிலம்தான், சந்தேகமில்லை. சுற்றுவட்டாரத்தில் சம்பவங்களும் குறைவில்லை. 1998 ஆகஸ்டில் பக்கத்திலுள்ள கோஸ்மிக் மலைக் குடிலுக்குக் கீழே முகடு சரிந்து, குடிலைத் தாங்கும் வேலை செய்ய வேண்டியதாயிற்று. 2005 ஜூனில் எதிரே தெரியும் த்ரூ சிகரத்தில் மலையேறிகள் கொண்டாடிய பொனாட்டி தூண் என்ற பாறைத் தூண் அப்படியே போயிற்று. இரண்டரை லட்சம் கன மீட்டருக்கும் மேல் விழுந்தது. 2022 கோடையில் மோன் பிளான் ஏறும் வழக்கமான வழியில் கல் மழை பொழிந்ததால் குடில்களை மூடினார்கள். கேட்காமல் ஏறுகிறவர்கள் 15,000 யூரோ முன்பணம் கட்டட்டும், 10,000 மீட்புக்கு, 5,000 இறுதிச் சடங்குக்கு என்று அடிவாரத்து ஊர் மேயர் அறிவித்தார். மனுஷன் கணக்கில் கெட்டி.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்கிறேனே என்றால், எய்குய் து மிதி உலகத்திலேயே அதிகமாக அளக்கப்படும் பாறைகளில் ஒன்று. 2009-இல் அதன் வெவ்வேறு முகங்களில் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுச் சென்சார் வைத்தார்கள். விரிசல் விரிவதை அளக்கும் கருவிகளும் உண்டு. அங்கே ஒரு பாறைத் தகடு நகரத் தொடங்கினால் அளவீடுகளில் தெரிய வாய்ப்பு அதிகம். பாதிக்கப்படுவது பெரும்பாலும் முகப்பில் கயிறு கட்டி ஏறுகிறவர்கள்தான், நிலையத்தின் மாடத்தில் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் அல்ல. அப்பாவுக்கு ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். 1,000 மீட்டரில் உள்ள ஊரிலிருந்து அரை மணிக்குள் 3,800 மீட்டருக்குத் தூக்கிவிடுகிறார்கள், பாறையைவிட அந்த மெலிந்த காற்றுதான் வயதானவர்களைப் படுத்தும்.

ஐரோப்பாவில் இப்படிப் பல சிகரங்களில் அளக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் கோர்வாட்ச் மலையில் 1987-இல் போட்ட துளையில் இன்றுவரை வெப்பம் எடுக்கிறார்கள். ஜெர்மனியின் 2,962 மீட்டர் சுக்ஷ்பிட்ஸ சிகரத்தை 2007-இல் குறுக்காகத் துளைத்துச் சென்சார் வைத்தார்கள். ஐரோப்பிய மலைகளின் அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், 10 மீட்டர் ஆழத்தில் சில இடங்களில் பத்தே ஆண்டில் 1 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. −3-இல் இருந்த பாறை −2-க்கு வந்திருக்கிறது என்றால், மேலே சொன்ன மோசமான வெப்பநிலைக்கு இன்னும் அரை டிகிரிதான் பாக்கி.

அளப்பதால் என்ன பயன் என்பதற்கு, நீங்கள் வீடியோவில் பார்த்த அந்தக் கிராமமே சாட்சி. பெயர் பிளாட்டன், வாலே மாநிலத்தில் லோட்ஷன் பள்ளத்தாக்கில் இருந்தது. மேலேயுள்ள சிகரத்திலிருந்து பாறை சரிந்து சரிந்து பிர்ஷ் பனியாற்றின் தலையில் விழுந்து குவிந்தது. பாரம் தாங்காமல் பனியாறு வேகமாக நகர்வதை அளவீடுகள் காட்டின. 2025 மே 19 அன்று சுமார் 300 பேரையும் மாடுகளோடு வெளியேற்றினார்கள். மே 28 அன்று மொத்தமும் இறங்கி ஊரில் 90 சதவீதத்தை மூடிவிட்டது. இறந்தது ஒருவர். 2017 ஆகஸ்ட் 23 அன்று பிஸ் செங்கலோ மலையிலிருந்து சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை விழுந்தபோது மலைநடை போயிருந்த 8 பேர் இறந்தார்கள். கீழே போண்டோ ஊருக்குள் கல்லும் சேறும் புகுந்தன, ஆனால் எச்சரிக்கைக் கருவி அலறியதால் ஊர்க்காரர்கள் தப்பித்தார்கள். இரண்டிலும் உறைநிலம் சூடேறியது ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. மலை எப்படியும் விழும் சாமான்தான். ஐஸ் அதைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது.

நம் பக்கம் என்ன நிலைமை? எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். இமயமலையில் உறைநிலம் பரந்து கிடக்கிறது. அதன் வெப்பத்தை ஆழத்தில் அளக்கும் துளைகளோ சொற்பம். கார்துங் லா, உம்லிங் லா என்று 5,000 மீட்டருக்கு மேல் ரோடு போட்டதைப் பெருமையாகப் பேசுகிறோம், போட்டவர்களின் உழைப்பு பெருமைக்குரியதுதான். ஆனால் உறைநிலத்து ரோடு உட்கார்ந்தால் உயிர்ச்சேதம் குறைவு, மறுபடி தார் போட்டு ஓட்டிவிடலாம். பெரிய ஆபத்து ரோட்டிலோ ஷெட்டிலோ இல்லை. உறைநிலமே இல்லாத, கீழேயுள்ள பள்ளத்தாக்கில் கட்டிய மின்நிலையத்தில் இருக்கிறது. மேலே விழுவது அங்கேதான் வந்து சேரும்.

2021 பிப்ரவரி 7, உத்தராகண்ட் சமோலி. ரோண்டி சிகரத்தில் சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் பாறையும் ஐஸும் சேர்ந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்தது. முக்கால் பங்குக்கு மேல் பாறை, மிச்சம் ஐஸ். கிட்டத்தட்ட 1,800 மீட்டர் கீழே விழுந்தபோது உண்டான உராய்வுச் சூட்டிலேயே அந்த ஐஸ் உருகித் தண்ணீரானது. முதல் நாள் எல்லோரும் "ஏரி உடைந்தது" என்றார்கள். ஏரியே இல்லை. விழுந்த மலையே தன் வெள்ளத்தைத் தயாரித்துக்கொண்டு இறங்கியது. 13.2 மெகாவாட் ரிஷிகங்கா நிலையம் போயிற்று, கட்டிக்கொண்டிருந்த 520 மெகாவாட் தபோவன் விஷ்ணுகாட் நாசமாயிற்று, 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் மின்நிலைய வேலையாட்கள். அந்தப் பாறை முகம் நல்ல குளிர்ச்சியான வடக்குப் பக்கம் என்பதால், உறைநிலம் இளகியதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முன்கூட்டியே விரிசல் விட்டிருந்தது பழைய செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது. பார்க்க ஆள் இல்லை.

சிக்கிமில் உறைநிலத்தின் பங்கு இன்னும் தெளிவு. தெற்கு லோனாக் ஏரி 5,200 மீட்டர் உயரத்தில், பின்வாங்கும் பனியாறு விட்டுப்போன பள்ளத்தில் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே வந்தது. பனியாறு ஒதுக்கிவிட்ட கல்லும் மண்ணும் ஏரிக்கரையில் மேடாக உறைந்து நின்றன. 2023 அக்டோபர் 3 இரவு அந்த உறைந்த மேட்டிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் ஏரிக்குள் சரிந்தது. சுமார் 20 மீட்டர் உயர அலை எழும்பிக் கரையை உடைத்தது. சுனாமியைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு அப்படிப்பட்ட அலை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கீழே சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்ட அணை உடைந்து அடித்துக்கொண்டு போனது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 70க்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. அந்த மேடு பல ஆண்டுகளாக நகர்ந்துகொண்டிருந்ததைப் பிறகு பழைய படங்களில் எடுத்துக் காட்டினார்கள். அணைக்குப் பல கிலோமீட்டருக்கு மேலே, வேறொரு மலையில் உறைந்து நிற்கும் மேடு, எந்த அணையின் மண் பரிசோதனை அறிக்கையிலும் வராது. என்னை மாதிரி ஆட்கள் அஸ்திவாரம் நிற்கும் இடத்தில் மட்டும் துளை போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். விதி அவ்வளவுதான் கேட்கிறது. விதியை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

உறைநிலத்தில் கட்டவே கூடாதா என்றால், கட்டலாம். சீனாவின் கோல்முத்திலிருந்து திபெத்தின் லாசாவுக்கு 2006-இல் திறந்த ரயில் பாதை 1,142 கிலோமீட்டர், அதில் சுமார் 550 கிலோமீட்டர் உறைநிலம். சீனர்கள் அங்கே கையாண்ட ஒரு யுக்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணுக்குப் பதில் பெரிய ஜல்லியைக் குவித்தார்கள். குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று ஜல்லி இடுக்குகள் வழியாக இறங்கி நிலத்தைக் குளிர்விக்கும், கோடையில் லேசான சூட்டுக் காற்று மேலேயே நின்றுவிடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மோசமான இடங்களில் அம்மோனியா அடைத்த குழாய்களை நட்டார்கள். கீழே சூடு பட்டு அம்மோனியா ஆவியாகி மேலே ஏறும், மேலே குளிர்ந்து திரவமாகித் திரும்ப இறங்கும், குளிர்காலம் முழுக்க நிலத்தின் சூட்டை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். அதற்கும் சரிவராத இடங்களில் தரையைத் தொடாமல் பாலமாகவே போட்டுவிட்டார்கள். சிங்ஷுய்ஹே பாலம் மட்டும் 11.7 கிலோமீட்டர்.

சுவிஸ்காரர்கள் மலை உச்சியில் வேறு வழி பார்க்கிறார்கள். நிலம் நகரும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, கேபிள் கார் தூண்களின் அடியை ஜாக்கி வைத்துத் தூக்கி நிமிர்த்த முடிகிற மாதிரி கட்டுகிறார்கள். ஆஸ்திரியாவில் 1886-இலிருந்து இயங்கும் சோன்பிளிக் வானிலை ஆய்வகத்துக்கு அடியில் சிகரமே தளர்ந்தபோது, 2000-களின் தொடக்கத்தில் பாறைக்குள் இரும்பு நங்கூரம் இறக்கி, கான்கிரீட் போட்டுக் கட்டிப் பிடித்தார்கள். ஆபத்து அதிகம் என்று தோன்றும் இடத்தில் விட்டுவிடவும் செய்கிறார்கள். சுவிஸ் மலையேற்றச் சங்கத்தின் முட்ஹார்ன் குடிலை அப்படித்தான் மூடினார்கள்.

தம்பியின் ஷெட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. முதலில் சமையல் கட்டிலிருந்தும் குளியல் அறையிலிருந்தும் வெந்நீர் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரோரமாகக் கொட்டினால் அதுதான் முதல் எதிரி, குழாய் போட்டுச் சரிவில் தள்ளிவிட வேண்டும். புகாரியைத் தரையில் வைக்காமல் கால் வைத்த மேடையில் ஏற்றி, அடியில் காப்புப் பலகை போடலாம். மேலே உருகும் பனித் தண்ணீர் ஷெட்டுக்கு அடியில் புகாமல் மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டட்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் பெயின்டால் குறி போட்டு, மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். செப்டம்பருக்குப் பிறகு இறக்கம் நின்றால் கோடையில் இளகும் மேல்தட்டு மட்டும்தான் பிரச்சினை, சமாளித்துக்கொள்ளலாம். குளிர்காலத்திலும் இறங்கிக்கொண்டே இருந்தால் அடுப்புச் சூடு ஆழத்துக்குப் போய்விட்டது. அந்தத் தரையைப் பெயர்த்துவிட்டு, அடுத்த ஷெட்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி தூக்கித் தூண் மேல் போட வேண்டும். அடியில் காற்று போக வேண்டும், அந்த இடைவெளியை ஸ்டோர் ரூமாக்கி யாரும் சாமான் அடைக்கக் கூடாது.